மில் முதலாளி மகன் அரசுப் பணிக்குப் போனால்: விக்ரம் சாராபாயை முன்வைத்து ஒரு விவாதம்

நூல்கண்டு:
விக்ரம் சாராபாய் என்றால் எல்லோருக்கும் ராக்கெட் ஞாபகம் வரும். எனக்குக் கொஞ்ச நாளாகப் பஞ்சு மூட்டைதான் ஞாபகம் வருகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

1919 ஆகஸ்ட் 12, அகமதாபாத். அப்பா அம்பாலால் சாராபாய், காலிகோ மில்லின் முதலாளி. வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காக வீட்டுக்குள்ளேயே மாண்டிசோரி முறையில் பள்ளிக்கூடம் நடத்திய குடும்பம். தாகூர் வந்து தங்கிய வீடு. பையன் கேம்பிரிட்ஜ் போனான், உலகப் போர் வந்ததும் திரும்பினான், பெங்களூரில் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தான். 1947இல் டாக்டர் பட்டம். அதே வருடம் அகமதாபாத்தில் பி.ஆர்.எல். என்கிற இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிவிட்டான். வயது 28.

நம்மில் ஒருவர் 28 வயதில் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று போய்க் கேட்டால் வாட்ச்மேனைத் தாண்ட முடியாது. சரி, பணம் இருந்தது, பேர் இருந்தது. ஆனால் பணமும் பேரும் இருந்த எத்தனையோ வாரிசுகள் குதிரை வாங்கினார்கள், கார் வாங்கினார்கள். என் கேள்வி இதுதான்: தொழில் குடும்பத்தில் பிறந்தது அவருடைய அரசுப் பணிக்கு என்ன கொடுத்தது? பணத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கோப்புநாடா:
பணத்தை விட்டுவிட்டு எப்படி ஐயா சொல்வது? அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்தபோது பெயருக்கு ஒரு ரூபாய் சம்பளம் வாங்கினார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நான் 34 வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவன். மாதக் கடைசியில் எல்.ஐ.சி. பிடித்தம் போக மிச்சத்தில் பள்ளிக் கட்டணம் கட்டியவன். எனக்கு ஒரு ரூபாய் சம்பளம் தந்திருந்தால் தியாகி ஆகியிருக்க மாட்டேன், பட்டினி கிடந்திருப்பேன். பின்னால் காலிகோ மில் நிற்பவருக்கு ஒரு ரூபாய் என்பது சௌகரியம். அதைக் குணம் என்று பாடப்புத்தகத்தில் போடாதீர்கள்.

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு ரூபாய்க் கதை மேல்தான் இல்லை.

மரத்தடி:
கோப்புநாடா சார், முதல் பந்திலேயே சிக்ஸர்.

தறிச்சத்தம்:
பணத்தை விட்டால் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். சண்டை இருக்கிறது. அந்த வீட்டில் நடந்த சண்டையைப் புரிந்துகொள்ளாமல் விக்ரமைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி.

அவர் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1918இல், அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டம். பிளேக் பரவிய காலத்தில் ஆள் ஓடிப்போகாமல் இருக்கக் கொடுத்த போனஸை முதலாளிகள் நிறுத்தினார்கள். விலைவாசி ஏறியிருந்தது. தொழிலாளர்கள் 35 சதவீதம் கூலி உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20க்கு மேல் பேச மறுத்தார்கள். முதலாளிகள் பக்கம் முன்னால் நின்றவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் காந்தியோடு நின்றவர் யார் தெரியுமா? அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா. விக்ரமுக்கு அத்தை.

சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர்கள் அவர்கள். சிறுவயதில் நடந்த திருமணத்திலிருந்து அக்கா வெளியே வந்தபோது துணை நின்று, படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பியவர் தம்பி. திரும்பி வந்த அக்கா, தம்பியின் மில் வாசலிலேயே தொழிலாளர்களைத் திரட்டினார். காந்தி உண்ணாவிரதம் இருந்தார், மூன்றாம் நாள் சமரசம். ஆனந்தசங்கர் துருவா என்ற பேராசிரியரை நடுவராக வைத்தார்கள், கடைசியில் அவர் சொன்னதும் 35தான். அந்த அத்தை பின்னால் மஜூர் மகாஜன் என்ற தொழிலாளர் சங்கத்தை நிறுவியவர்.

இன்னொன்று. 1915இல் காந்தி தன் ஆசிரமத்தில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டபோது ஊரில் நன்கொடை நின்றுபோனது. ஒரு சேட் காரில் வந்து, உள்ளே கூட வராமல், 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த சேட் அம்பாலால்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. மூன்று வருடம் கழித்து அதே மனிதர் காந்திக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கூலிப் பேச்சு நடத்துகிறார்.

விக்ரமின் அக்கா மிருதுளா சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர். சுதந்திரத்துக்குப் பிறகும் காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லாவை ஆதரித்ததற்காக சொந்த நாட்டு அரசிடமே சிறைப்பட்டவர்.

எதிர்த்துப் பேசினாலும் இரவு ஒரே கூரைக்குக் கீழே உறவு முறியாமல் இருக்கலாம் என்று பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். அரசில் இதற்குப் பெரிய விலை உண்டு. மேலே இருப்பவரிடம் 'இல்லை' என்று சொல்லவும், கீழே இருப்பவர் 'இல்லை' என்றால் கேட்டுக்கொள்ளவும் அந்த வீடு பழக்கியிருக்கும்.

புள்ளிவிவரன்:
தறிச்சத்தம் அண்ணே, அருமை. ஆனால் 'பழக்கியிருக்கும்' என்பது ஊகம். எட்டுப் பிள்ளைகளும் அதே வீட்டில்தான் வளர்ந்தார்கள், எட்டு பேரும் இஸ்ரோ தொடங்கவில்லை.

தறிச்சத்தம்:
ஊகம்தான் தம்பி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல ஊகம்.

மாத்திரைப்பெட்டி:
ஒரு திருத்தம். 'குடும்பத் தொழிலை உதறிவிட்டு அறிவியலுக்கு வந்தார்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். உதறவில்லை. அண்ணன் கௌதம் காலிகோவைப் பார்த்துக்கொண்டார். விக்ரம் 1950களில் குடும்பத்தின் மருந்து, ரசாயனத் தொழிலை முழு மூச்சாக நடத்தினார். பரோடாவில் சாராபாய் கெமிக்கல்ஸ். சுவிட்சர்லாந்தின் கெய்கியோடு கூட்டு, ஜெர்மனியின் மெர்க்கோடு கூட்டு. நான் மருந்துப் பிரதிநிதியாகப் பை தூக்கிய காலத்தில் அந்தப் பெயர் போட்ட அட்டைப் பெட்டி இல்லாத மருந்துக்கடை குறைவு.

சந்தையைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஓ.ஆர்.ஜி. என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். எந்த மருந்து எந்த ஊரில் எவ்வளவு விற்கிறது என்று கடைக்கணக்கைத் திரட்டிச் சொல்வது அவர்கள் வேலை. அந்த அறிக்கை வரும் நாளில் எங்கள் மேலாளர்களுக்கு வயிற்றைக் கலக்கும். நாட்டில் அந்த மாதிரி வேலைக்கு வழி போட்டவர்களில் அவர்கள் முக்கியம்.

இப்போது யோசியுங்கள். காலையில் மருந்து ஆலை, மாலையில் காஸ்மிக் கதிர். அப்படி 10, 15 வருடம் ஓடிய ஆள்தான் 1966இல் டெல்லி, பம்பாய் என்று அரசுப் பதவிக்கு வருகிறார். உற்பத்தி என்றால் என்ன, சரக்கு தேங்கினால் என்ன ஆகும், வெளிநாட்டுக் கூட்டாளியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை நாமே செய்ய வேண்டும் என்பதெல்லாம் கையில் பட்ட விஷயங்கள். நாசாவோடும் பிரான்சோடும் ரஷ்யாவோடும் ஒரே நேரத்தில் ஒத்துழைப்பு வைத்துக்கொண்டு எவரிடமும் சிக்காமல் இருந்தது கூட்டுத் தொழில் நடத்திய அனுபவம் என்பேன்.

தென்காற்று:
நாட்டின் முதல் ராக்கெட் ஏவுதளம் அமைந்த கேரளத்துத் தும்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போவதால் இடம் தேர்வானது. கடற்கரையில் மீனவக் கிராமம், நடுவில் புனித மேரி மக்தலேன் தேவாலயம். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தந்தார். தேவாலயம்தான் அலுவலகம். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட். நைக்கி-அப்பாச்சி, அமெரிக்காவுடையது. உள்ளே சோடியம் ஆவிக் கருவி, பிரான்சுடையது. ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை எடுத்தவர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன்.

அந்தப் படத்தை 'ஏழ்மையிலும் சாதனை' என்று பகிர்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷெட் கட்டி முடிக்கும்வரை காத்திராமல் இருக்கிற கொட்டகையில் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது புதிதாகத் தொழில் தொடங்குகிறவன் புத்தி. அரசு முறைப்படி போயிருந்தால் முதல் மூன்று வருடம் கட்டடத்துக்கு டெண்டர் விட்டிருப்பார்கள்.

கோப்புநாடா:
டெண்டரைக் கிண்டல் செய்யாதீர்கள் தம்பி. டெண்டர் இல்லாத இடத்தில் மச்சான் இருப்பார்.

தென்காற்று:
ஹா ஹா. வாபஸ் சார்.

புள்ளிவிவரன்:
எல்லோரும் ஒரே பக்கம் போகிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் வருகிறேன்.

1966 ஜனவரி 24 அன்று மோன் பிளாங்க் மலையில் விமானம் மோதி, அணுசக்தி ஆணையத் தலைவர் ஹோமி பாபா இறந்தார். அதே வருடம் அணுசக்தி ஆணையத் தலைமை சாராபாய்க்கு வந்தது. விண்வெளிப் பொறுப்பும் அவரிடமே. அகமதாபாத் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரும் அவரே. 1970இல் அடுத்த பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். 1980க்குள் 2,700 மெகாவாட் அணுமின்சாரம் என்றது அது. 1980 வந்தபோது ஓடிக்கொண்டிருந்தவை தாராப்பூரின் இரண்டு உலைகளும் ராஜஸ்தானில் ஒன்றும். மொத்தம் 700 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. விண்வெளியில் அதே திட்டம் 1,200 கிலோ செயற்கைக்கோளைப் புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றும் ராக்கெட்டைக் கனவு கண்டது. 1980இல் எஸ்.எல்.வி.-3 தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு ஏற்றியது 35 கிலோ.

அவர் 1971இலேயே இறந்துவிட்டார், 1974 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வெளிநாட்டு உதவி நின்றது, எல்லாம் தெரியும். ஆனாலும் முதலாளிக்கு ஒரு வியாதி உண்டு: வங்கிக்குக் காட்டும் திட்ட அறிக்கையில் அடுத்த பத்து வருடமும் வளைகோடு மேலேதான் போகும். அந்த வியாதி இதில் தெரிகிறது என்பது என் வாதம்.

அப்புறம் இன்னொரு வாதம், இது கொஞ்சம் கசக்கும். பாபாவும் பெரிய இடம்தான், அவருடைய அத்தை தொராப்ஜி டாட்டாவின் மனைவி. 1944இல் ஆய்வு நிறுவனம் வேண்டும் என்று டாட்டா அறக்கட்டளைக்குத்தான் கடிதம் எழுதினார். எதிரில் இயற்பியலாளர் மேகநாத் சாஹாவை நிறுத்துங்கள். டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சின்னக் கடைக்காரர் மகன். அறிவியலில் எவருக்கும் குறைந்தவர் இல்லை. அணுசக்தி அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் பாபாவோடு மோதினார். ஓரங்கட்டப்பட்டார், 1952இல் சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்குப் போய் அங்கிருந்து கேள்வி கேட்டார். நேருவின் வரவேற்பறைக்குள் யார் எளிதாக நுழைய முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றை எழுத வேண்டும்.

நூல்கண்டு:
புள்ளிவிவரன், சாஹாவைக் கொண்டுவந்ததற்கு நன்றி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாசல் திறந்திருந்தது உண்மை. உள்ளே போனவர் என்ன செய்தார் என்பது தனிக் கேள்வி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தறிச்சத்தம்:
உள்ளே போய் ஒன்று செய்தார், அதைச் சொல்லியே ஆகவேண்டும். குண்டு.

1964இல் சீனா வெடித்ததும் இங்கேயும் வேண்டும் என்று குரல். பூமிக்கடியில் சோதனைக்கான ஆயத்த வேலைக்கு பாபா பிரதமர் சாஸ்திரியிடம் சம்மதம் வாங்கி வைத்திருந்தார். சாராபாய் வந்ததும் அதை நிறுத்தினார். பதவியேற்ற கையோடு பத்திரிகையாளர்கள் அணுகுண்டு ஒன்றுக்கு என்ன செலவாகும் என்று கேட்டார்கள். இரண்டு கஜம் துணிக்கு என்ன செலவாகும் என்று திருப்பிக் கேட்டார். அதாவது, தறி இருந்தால்தான் துணிக்கு விலை சொல்ல முடியும். ஒரு குண்டை வெடித்துக் காட்டுவதால் பாதுகாப்பு வராது, அதற்குப் பின்னால் ராடார், ஏவுகணை, ஆலை என்று முழு ஏற்பாடும் வேண்டும், அந்தச் செலவை யார் போடுவது என்பது அவர் கணக்கு.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். மில்காரர் மகன் தவிர வேறு யாருக்கு அந்த உவமை வாயில் வரும்? அவர் முடிவு சரியா தவறா என்று இன்றும் அடித்துக்கொள்ளலாம். ஆனால் நாடு முழுவதும் வீராவேசமாகப் பேசிய நேரத்தில் அடக்கவிலை கேட்ட ஆள் அவர்.

மரத்தடி:
நம் ஊர்ப் பெண்ணைப் பற்றி எவரும் பேசவில்லையே. விக்ரமின் மனைவி மிருணாளினி மெட்ராஸில் வளர்ந்தவர், அம்மு சுவாமிநாதன் மகள், கேப்டன் லட்சுமியின் தங்கை. 1942இல் மெட்ராஸில் கல்யாணம். வெள்ளையனே வெளியேறு போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம், மாப்பிள்ளை வீட்டார் வர முடியவில்லை. 1949இல் இருவரும் சேர்ந்து அகமதாபாத்தில் தர்ப்பணா நடனப்பள்ளி தொடங்கினார்கள். அணு, விண்வெளி, மருந்து, மேலாண்மைக் கல்லூரி என்று சுற்றிய மனிதர் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பார்? 52 வயதில் போய்ச் சேர்ந்தார். இந்த மாதிரிச் சேவைக்கு வீட்டில் யாரோ ஒருவர் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார். அந்த ஒரு ரூபாய்கூட இல்லாமல்.

கோப்புநாடா:
மரத்தடி அம்மா சொன்னது என் வீட்டுக்காரிக்கும் பொருந்தும். அவரிடம் காட்டினேன். 'இப்பவாவது புரிஞ்சுதா' என்றார்.

சரி, ஒரு ரூபாய் விஷயத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். பாராட்ட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது, அது எவர் கண்ணிலும் படவில்லை: நாற்காலி.

அலுவலகத்தில் 34 வருடம் நான் பார்த்தது ஒன்றே ஒன்று. தொடங்கியவர் எழுந்திருக்க மாட்டார். ஓய்வு பெற்றாலும் ஆலோசகர் என்று திரும்பி வருவார். இவரைப் பாருங்கள். சொந்தமாக முட்டிமோதி ஆய்வுக்கூடம் தொடங்கினார். வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கே.ஆர். ராமநாதனை, அப்பா வயது மனிதரை, இயக்குநராக உட்காரவைத்துவிட்டுத் தான் பேராசிரியராக அவருக்குக் கீழே வேலை பார்த்தார். ராமநாதனுக்குப் பிறகு, 1965இல்தான், தான் இயக்குநர் ஆனார். ஜவுளி ஆய்வுக்கு 'அட்டிரா'. போட்டி மில்கள் சேர்ந்து காசு போட்டு நடத்திய ஆய்வு நிறுவனம். ஆரம்பம் முதல் நடத்திவிட்டு 1956 வாக்கில் விலகினார். அகமதாபாத் ஐஐஎம் 1961. ஆரம்பத்தில் கௌரவ இயக்குநர். 1965இல் ரவி மத்தாய் முழுநேர இயக்குநராக வந்தார், இவர் ஒதுங்கிக்கொண்டார்.

வாரிசாகப் பிறந்தவர் தான் தொடங்கிய இந்தப் பொது நிறுவனங்கள் எதையும் வாரிசுக்கு விடவில்லை. தர்ப்பணா குடும்பத்தோடு இருக்கிறது, அது கணவனும் மனைவியும் சேர்ந்து தொடங்கியது, நியாயம். இஸ்ரோவுக்கு சதீஷ் தவான் வந்தார். அணுசக்திக்கு சேத்னா வந்தார். இரண்டு பொறுப்பையும் ஒரே தலையில் வைக்கக் கூடாது என்று அரசுக்கும் அப்போது புத்தி வந்தது.

மாத்திரைப்பெட்டி:
குடும்பத்துக்கு விட்ட தொழில் என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும் சார். காலிகோ மில் 1990களில் மூடிக் கிடந்தது. மருந்துத் தொழிலும் பழைய உயரத்தில் நிற்கவில்லை. கடைக்காரர்களிடம் இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் ராக்கெட்காரரா என்று கேட்கிறார்கள்.

தென்காற்று:
அவர் பார்க்காமலே போன ஒன்று: 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம், நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி. விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம். ஒப்பந்தம் 1969இல் அவர் காலத்தில் போட்டது. பெரும்பாலான நகரங்களுக்கே டி.வி. வராத காலம். கடைசிக் கிராமத்திலிருந்து தொடங்கலாம் என்று எவரோ ஒருவர் முன்னாலேயே முடிவு செய்திருக்கிறார்.

1971 டிசம்பரில் தும்பாவுக்கு வந்தவர் ரஷ்ய ராக்கெட் ஏவுவதைப் பார்த்தார், தும்பா ரயில் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். கோவளத்தில் தங்கினார். 30ஆம் தேதி காலையில் எழுந்திருக்கவில்லை.

நூல்கண்டு:
கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா. எங்களுடையது மூன்று தலைமுறை நூற்பாலை. பெரிதில்லை, 12,000 நூற்புக் கதிர். ஒரே மகள். மில்லை அவள் பார்ப்பாள் என்றுதான் பங்குதாரர் பத்திரத்தில் அவள் பெயரையும் போட்டிருந்தேன். இந்த வருடம் குடிமைப் பணித் தேர்வில் தேறி மத்திய அரசின் வருவாய்த் துறையில் சேரப் போகிறாள். ஒரு மாதமாக வீட்டில் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சாராபாய் இரண்டையும் பார்த்தாரே, நீயும் பார் என்று சொல்லத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கோப்புநாடா:
ஐயா, முதலில் வாழ்த்து. அடுத்து, அந்த யோசனையை மறந்துவிடுங்கள். பதவியேற்கும் முன் அவர் பெயரைப் பங்குதாரர் பத்திரத்திலிருந்து எடுங்கள். மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1964, விதி 15: முன் அனுமதி இல்லாமல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வியாபாரத்தில் ஈடுபடக் கூடாது. தூங்கும் பங்குதாரர் என்று சமாளிக்க வேண்டாம். விதி 18: சேரும்போதே சொத்து, கடன் விவரம் கொடுக்க வேண்டும், உங்களிடமிருந்து வந்தது உட்பட. அசையாச் சொத்து அறிக்கை வருடா வருடம். உங்கள் மில் சம்பந்தப்பட்ட கோப்பு அவர் மேசைக்கு வந்தால் எழுத்தில் சொல்லிவிட்டு மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். நீங்களும் அவர் அலுவலகத்துக்கு போன் போட்டு 'நான் இன்னார் அப்பா' என்று சொல்லக் கூடாது. இதுதான் கஷ்டமாக இருக்கும்.

நூல்கண்டு:
கஷ்டம்தான். ஆடிட்டரிடம் நாளைக்குப் பேசுகிறேன். பங்கை என் தம்பி மகன் பெயருக்கு மாற்றினால் அவளுக்குப் பின்னால் ஏதும் கேள்வி வருமா?

கோப்புநாடா:
மாற்றும் தேதி சேரும் தேதிக்கு முன்னால் இருக்கட்டும். பணம் கைமாறினால் வங்கி வழியாக. தம்பி மகனிடம் கேட்டுவிட்டீர்களா, அவருக்கு மில் வேண்டுமா என்று?